ஃபிட்டரின் முன்பல்

பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். என் வீட்டில் அது எழுத்துக்கு எழுத்து நடந்தது. போனது ஒரே ஒரு பல். அது ஒரு மனிதருடைய மொத்தப் பேச்சையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டது.

என் வீட்டுக்காரர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். எந்த மெஷின் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் வாய் மட்டும் நின்றதே கிடையாது. முத்தியால்பேட்டையில் எங்கள் சந்து முனையில் வண்டியைத் திருப்பும்போதே பேச ஆரம்பித்துவிடுவார். கை கால் கழுவி, சாப்பிட்டு, பாயை விரித்துப் படுத்துக் கண்ணை மூடும் வரைக்கும் ஓயாது. எந்த பேரிங் எப்படித் தேய்ந்தது, மேனேஜர் என்ன சொன்னார், அதற்கு இவர் என்ன சொன்னார், என்ன சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும், எல்லாவற்றையும் நான் கேட்டாக வேண்டும். நானோ தொடக்கப் பள்ளி ஆசிரியை. பகல் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சலில் கிடந்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டிலும் இதே கதியா என்று எரிச்சலாக வரும். கல்யாணமான நாளிலிருந்து "கொஞ்சம் வாயை மூடுங்களேன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் துருப்பிடித்த நட் ஒன்றைக் கழற்றப் போய், ஸ்பேனர் நழுவி மேல் முன்பல்லில் அடித்துவிட்டது. பல் விழவில்லை. பாதி உடைந்து, மீதி ஆடிக்கொண்டிருந்தது. துணியை வாயில் அழுத்திக்கொண்டு ஒற்றைக் கையால் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். அன்றைக்கே பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். வேர் பிளந்திருக்கிறது, உடனே எடுத்துவிடுவதுதான் நல்லது என்று டாக்டர் சொன்னார். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய காரியம்.

முடிய விடுவார்களா? செய்தி கேள்விப்பட்டு என் நாத்தனார் வந்து சேர்ந்தார். இவருக்கு மூத்தவர், நான் அண்ணி என்று கூப்பிடுவேன், இவர் அவர் பேச்சைத் தட்ட மாட்டார்.

"மேல் பல்ல புடுங்கனா கண்ணு போயிடும்டா. எங்க மாமனாருக்கு அப்டித்தான் ஆச்சி" என்றார்.

"அவருக்கு அப்ப எண்பது வயசு அண்ணி. கண்ணுல புரை விழுந்துது" என்றேன்.

"பல்ல புடுங்கனதுக்கு அப்பறந்தான விழுந்துது?"

இவராவது மெஷின் பார்க்கிற ஆள், யோசிப்பார் என்று திரும்பிப் பார்த்தேன். "கண்ணு போச்சின்னா மைக்ரோமீட்டர எப்புடிப் பாக்கறது?" என்று என்னையே கேட்டார். பல்லை எடுக்காமல் கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டே வாரக்கணக்கில் வேலைக்குப் போய்வந்தார். உள்ளே சீழ் பிடித்தது. உதடு வீங்கி, காய்ச்சல் வந்து, கடைசியில் எடுத்தேதான் ஆக வேண்டும் என்றானபோது எடுத்தோம். கண் அப்படியேதான் இருந்தது. பல்லைச் சுற்றியிருந்த எலும்பைத்தான் சீழ் அரித்துவிட்டிருந்தது. அது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

பல் போன பிறகு ஒரு வாரம் பழையபடியே பேசிக்கொண்டுதான் இருந்தார். 'ச'வும் 'த'வும் வரும் இடத்தில் மட்டும் காற்று கிளம்பும். பிறகு ஒரு நாள் கம்பெனியில் மதியச் சாப்பாட்டின்போது ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். எச்சில் தெறித்துப் பக்கத்தில் இருந்தவரின் தயிர்சாதத்தில் விழுந்துவிட்டது. அந்த மனிதர் டப்பாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போனாராம். திட்டியிருந்தால்கூட இவர் திருப்பித் திட்டிவிட்டு மறந்திருப்பார். இந்த விஷயமும் அவர் சொல்லி எனக்குத் தெரியாது, அவரோடு வேலை செய்கிறவரின் மனைவி சந்தையில் பார்த்தபோது சொன்னாள்.

அன்றிலிருந்து பேச்சு நின்றது. கைக்குட்டை எந்நேரமும் வாயில். என்ன கேட்டாலும் "ம்" அல்லது "ம்ஹூம்". முதலில் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். பிறகு வீடு வெறிச்சென்று ஆனது. டி.வி. போட்டால் எரிச்சல், அணைத்தால் அதைவிட எரிச்சல். மகள் கல்யாணமாகிக் கடலூரில் இருக்கிறாள், இருப்பது நாங்கள் இருவர்தான். எதிரே உட்கார்ந்து ஒரு மனிதர் வாயைப் பொத்திக்கொண்டு சோறு தின்பதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? எனக்கு அந்தப் பேச்சு வேண்டும், அதைத் திரும்பக் கொண்டுவந்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

கேட்டவர்கள் எல்லாரும் யோசனை சொன்னார்கள். ஊரில் யோசனைக்கா பஞ்சம்? எதிர்வீட்டில் ஒரு சொல்தா இருக்கிறார், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். "பாரீசுல என்னோட தாந்தீஸ்த் ஒரே நாள்ல முடிச்சி அனுப்பிட்டான்" என்று அங்கத்திய பல் டாக்டரைப் பற்றிச் சொன்னார். பாரீசுக்கு எந்த பஸ் போகிறது என்று கேட்க நினைத்து, பெரியவர் ஆயிற்றே என்று விட்டுவிட்டேன். கடைசியில் பள்ளியில் ஒரு டீச்சர் சொல்லி, நேரு வீதிக்குப் பின்னால் ஒரு மாடியில் இருக்கும் கிளினிக்குக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டர் எங்கள் மகள் வயதுப் பெண். இம்ப்ளான்ட் வைக்கலாம் என்றாள்.

அவள் சொன்னது தெளிவாகத்தான் இருந்தது. எலும்புக்குள் போகிற திருகாணிதான் இம்ப்ளான்ட், அது பல்லின் வேருக்குப் பதில். அதன் தலையில் பொருத்துகிற குட்டித் தண்டுக்கு அபட்மென்ட் என்று பேர். அதற்கு மேலே தொப்பி போல உட்காருவது க்ரௌன், வெளியே தெரிகிற பல் அதுதான். மூன்றும் தனித்தனி, மூன்றையும் ஒரே நாளில் வைக்க முடியாது. "திருகாணியோட எலும்பு ஒட்டி வளரணும். அதுக்குச் சில மாசம் ஆகும். அவசரப்பட்டா எல்லாம் போச்சு" என்றாள்.

திருகாணி என்ற சொல் காதில் விழுந்ததும் இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கைக்குட்டைக்குப் பின்னால் ஏதோ முணுமுணுத்தார். டாக்டர் என்னைப் பார்த்தாள்.

"என்ன மெட்டல்னு கேக்கறாரு" என்றேன்.

"டைட்டானியம்."

மறுபடி முணுமுணுப்பு. "மரை பிட்ச் எவ்ளோன்னு கேக்கறாரு."

எனக்குப் பிட்ச் என்றால் என்னவென்றே தெரியாது. ஒன்றாம் வகுப்புக்கு 'அ'னா சொல்லிக்கொடுக்கிறவள் நான். அங்கே உட்கார்ந்துகொண்டு மரை எத்தனை, டார்க் எத்தனை, துரு வருமா, லாக் நட் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். டாக்டர் சிரிக்காமல் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி, திருகாணியை அளவாக முடுக்குகிற ஒரு சின்ன டார்க் ரெஞ்சை எடுத்துக்கூடக் காட்டினாள். இவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாயைத் திறந்து நேராக ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

அடுத்து அவள் சொன்னதுதான் எனக்குப் புதிதாக இருந்தது. எலும்பு எங்கே இருக்கிறதோ அங்கே திருகாணியை இறக்கிவிட்டு, பிறகு அதன் மேல் பல் கட்டுவது தப்பாம். முதலில் கடைசிப் பல் எப்படி இருக்க வேண்டும், நுனி எங்கே வர வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். வாயை அச்செடுத்து, மாவுக்கட்டு மாவில் வார்த்து, அதில் மெழுகால் அந்தப் பல்லைச் செய்து பார்த்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுத் திருகாணி எங்கே, எந்தச் சாய்வில் போக வேண்டும் என்று குறிப்பார்களாம். பக்கத்துப் பல் வேர்களை இடிக்கக் கூடாது, சுற்றிலும் போதிய எலும்பு இருக்க வேண்டும். இவர் தலையை ஆட்டினார். டிராயிங் இல்லாமல் வேலை தொடங்காத ஆள் அல்லவா, அந்தப் பெண்ணின் மேல் மரியாதை வந்துவிட்டது.

"இப்ப நல்லா சிரிங்க சார். சிரிக்கறப்ப ஈறு எவ்ளோ தெரியுதுன்னு பாக்கணும். முன்பல்லுக்கு அதான் முக்கியம்" என்றாள்.

இவர் அசையவில்லை.

"கைக்குட்டைய எடுத்துட்டு, பெரிசா ஒரு சிரிப்பு."

ம்ஹூம். உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கெஞ்சினேன், அதட்டினேன், அவருக்குப் பிடித்த பழைய கதை ஒன்றை எடுத்துவிட்டேன். கடலூர் பஸ்ஸில் முன்சீட்டிலிருந்து பின்சீட்டு வரைக்கும் சிரிக்க வைத்துக்கொண்டு வருகிற மனிதர், ஒரு டாக்டரின் வேலைக்காகக்கூடச் சிரிக்க மாட்டேன் என்கிறார். எனக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. கடைசியில் மகள் கல்யாணத்தில் எடுத்த படம் ஒன்று என் போனில் இருந்தது. சம்பந்தியின் தோளில் கை போட்டுக்கொண்டு, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார். டாக்டர் அதைத் தன் கம்ப்யூட்டருக்கு அனுப்பச் சொல்லி, பெரிதாக்கி, ஈறை அளந்துகொண்டாள். அவள் அளந்து முடிக்கும் வரைக்கும் அந்த முகத்தை நான் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஸ்கேன் எடுத்த பிறகு அடுத்த குண்டு விழுந்தது. உதட்டுப் பக்கம் எலும்பே இல்லை, முட்டைத் தோல் போல மெல்லிசாக ஒரு கோடுதான். அண்ணியின் கண் வைத்தியம் தின்றது போக மிச்சம் அவ்வளவுதான். முதலில் எலும்புப் பொடி போட்டு வளர்க்க வேண்டும் என்றாள் டாக்டர். மாட்டெலும்பிலிருந்து எடுத்தது ஒன்று, செயற்கையாகச் செய்தது ஒன்று, எது வேண்டும் என்று கேட்டாள். இதை நான் நாத்தனாரிடம் சொல்லியிருக்கக் கூடாது. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

"மாட்டெலும்ப வாயில வச்சிக்கினு அவன் எப்டி குலசாமிக்குக் கற்பூரம் காட்டுவான்?" என்று போனிலேயே அழுகை. செயற்கைப் பொடிதான் என்று நான் சத்தியம் செய்து கொடுத்த பிறகுதான் ஓய்ந்தார்.

பொடி போட்டுச் சில மாதம் காத்திருந்தோம், பிறகு திருகாணியை இறக்கி ஈறை அதன் மேல் மூடித் தைத்துவிட்டு, இன்னும் சில மாதம் பொறுக்கச் சொன்னாள். அதுவரை வெளியே போகும்போது போட்டுக்கொள்ள, ஒற்றைப் பல் வைத்த ஒரு பிளேட் செய்து கொடுத்தாள். கழற்றி மாட்டுவது, இரண்டு பக்கமும் கம்பிக் கொக்கி.

"உள்பக்கம் நான் வேணும்னே கொடஞ்சி விட்டிருக்கேன் சார். திருகாணி இருக்கற எடத்த அது அழுத்தவே கூடாது. கொஞ்சம் லூசாத்தான் இருக்கும். சாப்பிடறப்ப, தூங்கறப்பக் கழட்டி வச்சிடுங்க" என்று படித்துப் படித்துச் சொன்னாள். நானும் வீட்டுக்கு வந்து படித்துப் படித்துச் சொன்னேன்.

இங்கேதான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இரண்டு பாகத்துக்கு நடுவே கொஞ்சம் அசைவு இருந்தாலும் அவர் அதற்கு 'ஆட்டம்' என்பார். ஆட்டம் இருக்கிற எதையும் அவர் கை சும்மா விடாது. வீட்டில் கதவுக் கீல், ஃபேன், கேஸ் அடுப்பின் குமிழ், குக்கர் கைப்பிடி எல்லாவற்றையும் இறுக்கி வைத்திருக்கிறார். என் மூக்குக்கண்ணாடியை இறுக்குகிறேன் என்று காது புண்ணாகிற அளவுக்கு ஒரு தடவை இறுக்கினார். ஃபிட்டர் கையில் லூசான சாமானைக் கொடுத்து, இதை லூசாகவே வைத்திரு என்று சொன்னால் நடக்குமா? அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சில நாள் கழித்து ஒரு மாலை, சாப்பிடும்போது, "கொழம்புல உப்பு கம்மி" என்றார்.

முழு வாக்கியம். கைக்குட்டை இல்லை. நான் குழம்பை மறந்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தேன். மறுநாள் கம்ப்ரஸரைப் பற்றி நாலு வார்த்தை. அதற்கடுத்த வாரம் மேனேஜரைப் பற்றிக் கொஞ்சம் வசவுகூட. பிளேட்டைப் போட்டுக்கொண்டேதான் சாப்பிடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. கேட்டால் மறுபடி வாயை மூடிவிடுவாரோ என்று பயந்து கேட்காமல் விட்டேன். மணக்குள விநாயகருக்குத் தேங்காய்கூட உடைத்துவிட்டு வந்தேன்.

தேங்காய்தான் மிச்சம். கொஞ்ச நாளில் பேச்சு மறுபடி குறைந்தது. சோற்றைப் பிசைந்து கூழாக்கித் தின்றார். ஒரு காலை கண்ணாடி முன் உதட்டைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். ஈறு கருத்து, கிழிந்து, நடுவில் உலோகம் மின்னியது. பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

டாக்டர் அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். ஒரு சின்னக் கருவியை வைத்துத் திருகினாள். அவ்வளவு மாதம் காத்திருந்து எலும்பு பிடிக்கும் பிடிக்கும் என்று நம்பிய சாமான், இரண்டு விரல் திருகலுக்கே வெண்ணெயில் குத்திய ஈர்க்குச்சி மாதிரி வந்துவிட்டது. தட்டில் 'டிங்' என்று விழுந்தது. பிறகு பிளேட்டை எடுத்துப் பார்த்தாள். கம்பிக் கொக்கி இரண்டும் குறடு வைத்து நெருக்கியதில் உள்பக்கம் வளைந்திருந்தன. குடைந்து விட்ட இடத்தில் ஏதோ பசையைக் கரைத்து ஊற்றி, வழவழவென்று அரம் போட்டு, அச்சு வார்த்த மாதிரி நிரப்பியிருந்தது. வேலை சுத்தமான வேலை, அதையும் சொல்ல வேண்டும்.

"யார் சார் இத செஞ்சது?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பாழாய்ப் போன குறடு! பல்லைப் பிடுங்காமல் எலும்பைத் தொலைத்தோம், பொடி போட்டோம், மாதக்கணக்கில் காத்திருந்தோம். எல்லாவற்றையும் ஒரு குறடால் நசுக்கிவிட்டாரே. அந்தப் பெண் முன்னாலேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். கைக்குட்டை மடியிலிருந்து கீழே விழுந்தது, எடுக்கவில்லை.

"நாந்தான் செஞ்சேன் டாக்டரம்மா. தப்புதான். ஆனா நீ ஒண்ணு யோசிச்சிப் பாரு. வாயத் தொறந்தா அது ஆடுது. ஒரு வார்த்த பேசினா நாக்கு மேல வந்து விழுது. எப்டிப் பேசறது? கம்பெனில பேசாதது இருக்கட்டும், அவனுவளுக்கு மெஷின காட்டுனாப் போதும். வூட்ல இவ ஒருத்தி. மகளயும் கட்டிக் குடுத்தாச்சி. இவ ஸ்கூல்லேந்து வந்து எம்மொவத்தப் பாத்துகினே ஒக்காந்திருப்பா, நான் இன்னாவாச்சும் சொல்லுவேன்னு. எத்தினி மாசத்துக்கு நான் ஊமையாட்டம் கெடக்கறது? அதான் இறுக்கினேன். இறுக்கன ஒடனே மொத வார்த்த இவகிட்டதான் பேசினேன். ஈறு நோவுதுன்னு தெரியும். ரத்தம் வருதுன்னும் தெரியும். கழட்டுனா மறுபடி வாய மூடிக்கணும், அதான் கழட்டல. இப்ப சொல்லு, இந்தத் திருகாணி போனா இன்னொண்ணுக்கு எடம் இருக்குதா? பொடி ஒட்டுன எலும்பு மொத்தமா போச்சா, பாதியா? இந்தத் தடவ கொஞ்சம் தடியா போடு. பிளேட்டு வேணாம், நான் பொக்கையாவே இருக்கேன். ஒரு விஷயம் சொல்றேன் கேளு, எங்க கம்பெனில ஒரு தடவ…"

சொல்லிக்கொண்டே போனார். ஒவ்வொரு 'ச'வுக்கும் காற்று சீறியது. எச்சில் டாக்டரின் முகக்கவசத்தில் புள்ளி புள்ளியாகத் தெறித்தது. அவர் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. கையை வீசி, பைப் லைன் வெடித்த கதைக்கு வந்துவிட்டார்.

வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் தட்டினார்கள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அம்மா, நீங்களாவது கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்களேன்" என்றாள்.

எனக்குக் கண்ணீர் நிற்கவே இல்லை. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டேன்.

"என்னால முடியாதும்மா. அந்த பைப்புக்கு அப்புறம் என்னா ஆச்சின்னு எனக்குத் தெரியணும்" என்றேன்.